பல்சட்டம் தொடங்கும் இடம்

1961 ஆகஸ்டில், கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லியில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பொதுப்பேரவை கூடியது. வந்திருந்தவர்களில் இந்திய இளைஞர்கள் நான்கு பேர்: கோவிந்த் ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன். நால்வருக்கும் ரேடியோ வானியல்தான் துறை, நால்வருக்கும் வெளிநாட்டில்தான் வேலை. அந்த அரங்கில் யார் எந்தக் கட்டுரையை வாசித்தார் என்பதை இன்று ஆவணங்களில்தான் தேட வேண்டும். அரங்குக்கு வெளியே இந்த நால்வரும் பேசிக்கொண்டதுதான் நிலைத்தது. நாட்டுக்குத் திரும்பி ஒரே குழுவாக வேலை செய்தால் என்ன என்று பேசினார்கள். செப்டம்பரில் நால்வரும் கையெழுத்திட்டு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நடத்திவந்த ஹோமி பாபாவுக்குக் கடிதம் எழுதினார்கள். ஜனவரியில் பாபாவிடமிருந்து தந்தி வந்தது, குழு அமைக்க முடிவாகிவிட்டது என்று. 1963இல் ஸ்வரூப் மும்பையில் அந்த நிலையத்தில் வந்து சேர்ந்தார். 1970இல் ஊட்டியை அடுத்த முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கி வானைப் பார்க்கத் தொடங்கியது.

சிஸ்டம்ஸ் இன்ஜினியர்கள் கூடிப் பேசுவதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று யாராவது கேட்டால், நான் முத்தோரையைத்தான் காட்டுவேன். பல துறைக்காரர்கள் தனித்தனியே செய்யும் பாகங்கள் கடைசியில் ஒன்றுசேர்ந்து ஒரே பொருளாக இயங்க வேண்டும். அதற்குப் பொறுப்பேற்பதுதான் அவர்களுடைய தொழில். பாலமோ விமானமோ மின்நிலையமோ, ஒவ்வொரு பாகமும் தன்னளவில் சரியாக இருந்தும் மொத்தம் ஓடாமல் போவது உண்டு. அப்போது பழுது இருப்பது ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடத்தில். அந்த இடத்தை எந்த வரைபடமும் முழுதாகச் சொல்லிவிடாது. இரண்டு பக்கத்துக்காரர்களும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அதனால் இந்தத் தொழிலில் பேச்சு வேலைக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு ஆகாது. பேச்சே வேலையின் ஒரு பகுதி.

முத்தோரைத் தொலைநோக்கியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பூமி சுழல்வதால் வானத்தில் எல்லாமே கிழக்கிலிருந்து மேற்காக நகர்கிறது. ஒரு பொருளை மணிக்கணக்கில் விடாமல் பார்க்க வேண்டுமானால் தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் திரும்ப வேண்டும். ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. வடக்கு தெற்காக ஓடி, அதே 11 டிகிரி சரிவுடைய மலை கிடைத்தால், அதன்மேல் கிடத்திவைத்த நீண்ட உருளையின் அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். துருவத்துக்கு அருகே உள்ள நாட்டில் இதைச் செய்ய முடியாது, அங்கே தேவைப்படும் சரிவில் ஆள் நிற்கவே இயலாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதையே கருவியின் ஒரு பாகமாக ஆக்கிக்கொண்டது இந்தத் திட்டம். அப்படியொரு சரிவைத் தென்னிந்திய மலைகளில் தேடித்தான் முத்தோரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே 24 பரவளைய இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 30 மீட்டர் அகலம். அவற்றின்மேல் தகடு கிடையாது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் 1,100, உருளையின் நீளம் முழுக்க ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. ஒரு கம்பியின் பருமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி. தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைகளை, அவற்றின் அலைநீளம் 92 சென்டிமீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு இந்தக் கம்பிவரிசை முழுத்தகடாகவே தெரியும். மலைக்காற்றோ கம்பிகளுக்கு நடுவே புகுந்து போய்விடும். தகடு போட்டிருந்தால் காற்றின் அழுத்தத்தைத் தாங்க எவ்வளவு இரும்பு வேண்டியிருக்கும், அவ்வளவு எடையைத் திருப்ப எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டியிருக்கும் என்று யோசித்தால், கம்பிக்குள் எத்தனை பேரின் கணக்கு அடங்கியிருக்கிறது என்று புரியும். அலைநீளம் தெரிந்தவருக்குக் காற்றழுத்தம் தெரிந்திருக்க அவசியமில்லை. காற்றழுத்தம் தெரிந்தவருக்கு அலைநீளம் ஒரு பொருட்டே அல்ல. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அந்தக் கம்பி பிறக்கும்.

கிழக்கு மேற்காக இந்த உருளை இயந்திரத்தால் திரும்புகிறது. வடக்கு தெற்காகத் திருப்புவது மின்னணு வேலை. குவியக்கோட்டில் வரிசையாக 1,056 இருமுனை ஆன்டெனாக்கள் இருக்கின்றன. அவை பிடிக்கும் அலைகளின் கட்டத்தை முன்பின்னாக மாற்றிச் சேர்த்தால், இரும்பு அசையாமலே பார்வை வடக்கேயோ தெற்கேயோ நகரும். ஆக ஒரே பார்வையில் பாதி இயந்திரப் பொறியாளர்களுடையது, பாதி மின்னணுக்காரர்களுடையது. ஒரு பக்கத்தில் நேர்ந்த பிசகை மறுபக்கம் தெரிந்துகொள்ளாவிட்டால் தொலைநோக்கி தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், பார்ப்பவருக்கோ அது சரியான இடம் என்றே தோன்றும். நிலா தன் பாதையில் ரேடியோ மூலங்களை ஒவ்வொன்றாக மறைக்கும்போது, மறையும் கணத்தை அளந்து அவற்றின் இடத்தையும் வடிவையும் கண்டறிவதற்காகக் கட்டப்பட்ட கருவி இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மங்கலான மூலங்களை அப்படி அளந்தார்கள். கணம் தவறினால் அளவே போய்விடும் வேலை.

இந்தத் தொழிலுக்கு இன்று உலகளாவிய சங்கம் உண்டு. 1990இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்கோசி, பிறகு பன்னாட்டு அமைப்பாகி, இந்தியாவிலும் கிளை வைத்திருக்கிறது. உரைகள், பயிலரங்குகள், பணிக்குழுக்கள், தகுதிச் சான்றிதழ் என்று அதன் வேலைகள் நடக்கின்றன. அவை வேண்டியவைதான். விண்வெளியிலோ பாதுகாப்புத் துறையிலோ கார் தயாரிப்பிலோ இருக்கிற இளைஞர் ஒருவர், தன் கம்பெனிக்கு வெளியே தன்னைப் போலவே சிக்கலில் மாட்டிக்கொண்டு நிற்கும் இன்னொருவரைச் சந்திக்க அங்கேதான் வழி இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கூட்டங்களில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. மேடையில் பேசப்படுவதெல்லாம் முடிந்துபோன வெற்றி. வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நினைவுப்பரிசு, குழுப்படம், சாப்பாடு. உடைந்தது எது, ஏன் உடைந்தது, யாரிடம் யார் சொல்லாமல் விட்டார்கள் என்ற பேச்சு சாப்பாட்டு வரிசையில்தான் கேட்கும், அதுவும் தணிந்த குரலில். இருப்பதிலேயே மதிப்புள்ள பேச்சு அதுதான். அதை மேடைக்குக் கொண்டுவர நமக்குத் தைரியம் வர வேண்டும்.

கூடிப் பேசுவது நீலகிரிக்குப் புதிதில்லை. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி 1893இல் உருவானது, தலைமையகம் குன்னூரில் இருக்கிறது. ஆண்டு மாநாடு, விலை, வரி, பூச்சி, உரம் என்று நூற்றாண்டுக்கு மேலாகப் பேசி வருகிறார்கள். அது முதலாளிகளும் மேலாளர்களும் கூடும் இடம். கொழுந்தைக் கையால் தொடுகிறவர்கள் பேசும் இடம் வேறு.

அந்த இன்னொரு இடத்தை ஒரு டீ ஃபாக்டரியில் பார்க்கலாம். சாயங்காலம் கொழுந்து லாரி வந்து நிற்கிறது. சாக்குகளை இறக்கி வாடல் தொட்டிகளில் பரப்புகிறார்கள், அடியிலிருந்து மின்விசிறி காற்றை மேலே தள்ளுகிறது. ராத்திரி முழுக்க ஈரம் இறங்கினால்தான் காலையில் இயந்திரத்துக்குப் போகும் பதம் வரும். டீமேக்கர் ஒரு சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கிறார். உள்ளே சூடு. சாக்கை அழுத்தி நிரப்பினாலும் வெயிலில் காக்கவைத்தாலும் இலை உள்ளுக்குள்ளேயே வெந்து ஓரம் சிவந்துவிடும். சிவந்த இலையிலிருந்து எந்த இயந்திரத்தாலும் நல்ல தூள் எடுக்க முடியாது.

"தம்பி, இன்னிக்கு எங்க நின்னீங்க?" என்று டிரைவரைக் கேட்கிறார்.

"மேல்காட்டுல எடை முடியலண்ணே. தராசு ஒண்ணுதான். ஒரு மணி நேரம் வெயில்லயே நின்னோம்."

"அப்ப சாக்க எறக்கி நிழல்ல வெச்சிருக்கலாமே."

"எறக்குனா திரும்ப ஏத்த ஆளில்லண்ணே. பறிக்கிற அக்காங்க எல்லாம் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க."

டீமேக்கர் யாரையும் திட்டவில்லை. போனை எடுத்து ஃபீல்டு ஆபீசரிடம் இரண்டாவது தராசைப் பற்றிப் பேசினார், நாளைக்கு எடையை அரைமணி நேரம் முன்னால் தொடங்கச் சொன்னார். பறிப்பு, எடை, லாரி, வாடல் நான்கும் நான்கு பேரின் பொறுப்பு. அவரவர் கணக்கேட்டில் அவரவர் வேலை சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கும். தூள் கெட்டது ஒரே ஒரு தராசினால் என்பது எந்த ஏட்டிலும் இருக்காது, அந்த லாரிக்குப் பக்கத்தில் நடந்த பேச்சில் மட்டும்தான் இருக்கும். பெரிய நகரங்களில் மூன்று நாள் பயிலரங்கு நடத்திச் சொல்லித்தருவதை இந்த மனிதர் நின்ற இடத்தில் செய்து முடித்தார். அவரை எந்தக் கருத்தரங்குக்கும் யாரும் அழைத்ததில்லை.

மலை ரயிலிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் திறந்தார்கள், 1908இல் அது ஊட்டிக்கு வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் ஓடுகிறது. சுவிட்சர்லாந்துக்காரரான ஆப்ட் உருவாக்கிய முறை அது. இரண்டு சட்டங்கள் பக்கம் பக்கமாக இருக்கும், ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எந்த நொடியிலும் எஞ்சினின் பற்சக்கரம் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே ஏறும். ஏற்றத்தில் எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. ஆகவே ஓட்டுநருக்கு முன்னால் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டியில் நிற்பவர்தான் பாதையைப் பார்க்கிறார். சிவப்போ பச்சையோ, அவர் காட்டும் கொடியைப் பார்த்து எஞ்சின் நடக்கிறது. இறக்கத்தில் எஞ்சினின் விசில் கேட்டு ஒவ்வொருவரும் தன் பெட்டியின் பிரேக்கைத் திருகுகிறார். ஒருவர் முந்தினாலோ பிந்தினாலோ அடுத்த பெட்டி அதை உணரும். 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் உள்ள இந்தப் பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனக்கு அந்தப் பிரேக்ஸ்மேன்களின் விசில் மொழியும் கொடி மொழியும் அந்தப் பாரம்பரியத்தின் நடுநாயகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமதளத்தில் சாதாரணமாக ஓடிவந்த எஞ்சின் கல்லாறில் பல்சட்டத்தின்மேல் ஏறும்போது, பற்சக்கரத்தின் பல்லும் சட்டத்தின் பல்லும் சரியாக எதிரெதிரே வந்து பொருந்தும் என்று சொல்ல முடியாது. பல்லோடு பல் மோதினால் உடையும். அதற்காகத் தொடக்கத்தில் உள்ள சிறு துண்டுச் சட்டத்தைச் சுருள்வில்லோடு இணைத்திருக்கிறார்கள். சக்கரம் அதன்மேல் ஏறும்போது அந்தத் துண்டு கொஞ்சம் அசைந்து இடம் கொடுக்கும். பல் பொருந்திய பிறகுதான் உறுதியான சட்டம் தொடங்குகிறது. முழுப் பாதையிலும் வலுவாக இருக்க வேண்டிய இரும்பை, சேரும் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே நெகிழவிட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டுச் சட்டத்தைப் பராமரிப்பவரிடம் கேட்டால் வில்லின் தேய்மானம் பற்றி, ஒரு மழைக்காலம் அதை என்ன செய்யும் என்பது பற்றி, ஓட்டுநர் எந்த வேகத்தில் வந்தால் என்ன சத்தம் கேட்கும் என்பது பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். சிஸ்டம்ஸ் இன்ஜினியர்கள் கேட்க வேண்டிய உரை அது. திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்தப் பாதைக்கு நீராவி எஞ்சின்கள் கட்டியவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது.

முத்தோரைக்கே திரும்பினால் அங்கே இன்னொரு கருவி இருக்கிறது, விண்ணிலிருந்து வரும் துகள்களை எண்ணும் கிரேப்ஸ்-3. அதன் மியூவான் கண்டறிவானில் உள்ள 3,700 இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், கோலார் தங்கவயலின் ஆழத்தில் புரோட்டான் சிதைவைத் தேடிய இந்திய - ஜப்பானியச் சோதனையிலிருந்து வந்தவை. அந்தச் சோதனை முடிந்த பிறகு, பூமிக்கு அடியில் கிடந்தவை மலை உச்சிக்கு ஏறின. இடியுடன் மழை பெய்யும்போது மியூவான்களின் எண்ணிக்கை மாறுகிறது. மின்புலத்தை அளக்கும் கருவிகளையும் பக்கத்தில் நிறுவியிருந்ததால் அந்த மாற்றத்துக்குப் பொருள் சொல்ல முடிந்தது. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே நின்ற ஒரு மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். விண்ணிலிருந்து வரும் துகளை எண்ணுகிறவர்களும் மழைமேகத்தை அளக்கிறவர்களும் தத்தம் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்ததால் கிடைத்த எண் அது. ஸ்வரூப் குழுவும் முத்தோரையோடு நிற்கவில்லை. மெல்லிய கம்பிகளால் பரப்பை அமைக்கும் எண்ணம் அவர்களிடமே வளர்ந்து, புனேக்கு வடக்கே கோடாட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தொலைநோக்கிக் கிண்ணங்களாக எழுந்தது.

இவ்வளவும் பெருமைக்குரிய செய்திகள். பெருமை இல்லாத செய்தி 2009 நவம்பர். 10ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. மண் சரிந்ததில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சாலைகள் அறுந்தன, ரயில் பாதை பல இடங்களில் மண்ணோடு போனது. மழையை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் மலையில் விழுந்த நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு சரிவின் மேலே காய்கறித் தோட்டம், அதற்குக் கீழே வெட்டி எழுப்பிய வீடு, வீட்டுக்குக் கீழே சாலை, சாலைக்கு அடியில் சிறுபாலம், அதற்கும் கீழே ரயில் பாதை, அப்புறம் தேயிலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு பொறியாளர், ஒரு கோப்பு. மேலே இருப்பவர் தன் எல்லைக்குள் நீரை வடித்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. அந்த நீர் அடுத்தவரின் எல்லைக்குள் எவ்வளவு வேகத்தில், எந்த இடத்தில் நுழைகிறது என்பது யாருடைய கோப்பிலும் இல்லை. மலைச்சரிவின் அடிப்பாகத்தை வெட்டினால் மேற்பாகம் தாங்காது, ஓடை அடைபட்டால் நீர் மண்ணுக்குள் இறங்கி அதைக் கனமாக்கித் தளர்த்தும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதே அந்த மண்சரிவின் செய்தி. இதற்காகத்தான் கூட்டங்களைப் பற்றி இவ்வளவு மன்றாடுகிறேன். கூடிப் பேசாத பொறியியலுக்கு இந்த மலையில் உயிர்களால் விலை கொடுத்திருக்கிறோம்.

ஆகவே நான் விரும்பும் கூட்டம் இப்படி இருக்கும். இடம் குன்னூர், அல்லது கேத்தி. நூறு பேர் வேண்டாம், முப்பது போதும். முத்தோரையின் சட்டங்களைத் திருப்பும் இயந்திரத்தைப் பராமரிப்பவர், மலை ரயிலின் பிரேக்ஸ்மேன், டீமேக்கர், குந்தா மின்நிலையங்களில் வால்வு பார்ப்பவர், நெடுஞ்சாலையின் சாலை ஆய்வாளர், கோத்தகிரிப் பக்கத்துக் காய்கறி விவசாயி, கோவையிலோ பெங்களூரிலோ மென்பொருளில் சிஸ்டம்ஸ் இன்ஜினியராக இருக்கும் இளைஞர்கள் சிலர். அந்த இளைஞர்கள் வந்தாக வேண்டும். அவர்களிடம் முறை இருக்கிறது. தேவைகளை எழுதிவைப்பது, எல்லைகளைக் குறிப்பது, ஒரு மாற்றம் எங்கெல்லாம் போய்த் தொடும் என்று பின்தொடர்வது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். பிரேக்ஸ்மேனிடமும் டீமேக்கரிடமும் அந்த முறைக்குப் பெயர் இல்லை, ஆனால் கையில் அனுபவம் இருக்கிறது. இரண்டும் சந்திக்காமல் போனால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

பேச்சு தமிழில் இருக்கட்டும், படுக மொழியில் பேச விரும்புபவர் அதில் பேசட்டும், பக்கத்தில் இருப்பவர் தமிழில் சொல்வார். மேடை தேவையில்லை. ஒருவருக்குக் கால் மணி நேரம். அதில் அவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வேலை எந்த இடத்தில் முடிகிறது? அதை யார் கையில் கொடுக்கிறீர்கள்? அவரிடமிருந்து கடைசியாகத் திரும்பி வந்த புகார் என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு எந்த விளக்கக் கடிதமும் கேட்கப்படாது என்று மேலதிகாரிகளிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். சொன்னவற்றை ஒருவர் குறித்துக்கொண்டு, ஒரு கோட்டின் இருபுறமும் இருப்பவர்களின் பெயர்களைச் சேர்த்து, இருவரும் அடுத்து எப்போது சந்திப்பார்கள் என்று தேதியும் போட்டு, அங்கேயே எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடலாம்.

மதியத்துக்குப் பிறகு எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றி, ஏதாவது ஒரே ஒரு ஓடையை மேலிருந்து கீழாக நடந்து பார்க்கவைக்க வேண்டும். தோட்டக்காரர் தன் எல்லை வரை பேசட்டும், அங்கிருந்து சாலை ஆய்வாளர், அங்கிருந்து ரயில்வேக்காரர். ஐப்பசி மழைக்கு முன்பே இது நடந்தாக வேண்டும், புரட்டாசி முதல் வாரம் தாண்டக் கூடாது.